ஒரு மில்லிமீட்டர் மிச்சம்

காருக்கு டயர் மாற்றுவதில் என்னய்யா தர்ம விசாரம் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். விலைவாசி இல்லையா, வேலையில்லாத் திண்டாட்டம் இல்லையா, எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை? ஆனால் நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு டயர் என்பது கடையில் வாங்கிப் பூட்டுகிற கறுப்பு வளையம் மட்டும் அல்ல. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் போனாலும் சரி, பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறினாலும் சரி, இருபுறமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல வரிசை பிடித்து நிற்பவை ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சிரட்டை. தமிழ்நாட்டில் விளைகிற ரப்பரில் பெரும்பங்கு இந்தச் சின்ன மாவட்டத்தில்தான் விளைகிறது. அரசு ரப்பர் கழகம் 1984-ல் உண்டாக்கப்பட்டதும் இங்கேதான். இலங்கைத் தோட்டங்களில் இருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் இந்த மரங்களில் பால் வெட்டித்தான் பிழைத்தார்கள். எனவே டயரைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

என் சினேகிதர் ஒருவருக்கும் அவர் மகனுக்கும் வழக்கு. பையன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான். வெள்ளி சாயந்திரம் நாகர்கோவில் வருவான், திங்கள் காலை திரும்புவான். கையில் இரண்டாம் கையாக வாங்கிய போலோ ஜி.டி. கார். 2022-ல் கம்பெனி அந்த வண்டியை நிறுத்திவிட்டது என்பதனாலேயே அவனுக்கு அதன்மேல் பிரியம் கூடுதல். சின்ன வண்டிதான், ஆனால் மிதித்தால் சீறும். அதற்குக் கம்பெனி பூட்டி அனுப்பிய டயரைக் கழற்றிவிட்டு, அகலத்தில் பத்து மில்லிமீட்டர் கூடின, எல்லாப் பருவத்துக்கும் ஆகும், வளைவில் பிடிக்கும் என்று சொல்லப்படுகிற உயர்ரக டயர் நான்கு போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வழக்கு என்னிடம் வந்தது. நம்மிடம் வந்தால் தீர்ப்பா கிடைக்கும்? கட்டுரைதான் கிடைக்கும்.

"நீரே சொல்லும் ஓய்! போட்டிருக்க டயரு இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும். அதக் கழட்டிப் போட்டுக்கிட்டு முப்பத்தஞ்சாயிரம் ரூவாயக் கொண்டு கொட்டப் போறானாம். கேட்டா ஆல் சீசனாம். நமக்குத் தெரியாத சீசனா ஓய்? நான் முப்பது வருசமா ஸ்கூட்டர் ஓட்டுகேன். ஒரு டயரு ஏழு வருசம் வந்திருக்கு, தெரியுமா?"

மகன் அமைதியாகச் சொன்னான். "மாமா, அப்பாக்கு எவ்வளவு சொன்னாலும் வெளங்க மாட்டேங்கு. போன மழையில களியக்காவிளைப் பக்கம் வச்சு பிரேக் பிடிச்சேன். வண்டி நிக்காம வழுக்கிக்கிட்டுப் போவுது. உசிரு முக்கியமா, காசு முக்கியமா?" கொஞ்சம் நிறுத்தி, குரலில் ஒரு உற்சாகத்துடன், "பெறவு, வளைவுல நல்லாப் பிடிச்சுக்கிடும் மாமா. எண்பதுல எடுக்க வளைவ நூறுல எடுக்கலாம்" என்றான்.

அந்தப் 'பெறவு'க்கு முன்னால் சொன்னதும் பின்னால் சொன்னதும் வேறு வேறு காரியங்கள். இந்தக் கட்டுரை அந்தப் 'பெறவு' பற்றியதுதான்.

முதலில் இந்த ஆல் சீசன். இது பனிதேசத்துப் பாஷை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடைக்கு ஒரு டயர், குளிர்காலத்துக்கு ஒரு டயர். கோடை டயரின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் இறுகிக் கட்டை போலாகிவிடும், பிடிக்காது. குளிர் டயர் அப்போதும் மெத்தென்று இருக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் தேய்ந்து போகும். வருஷத்துக்கு இரண்டு முறை கழற்றி மாட்டச் சோம்பல்படுகிறவர்களுக்கு இரண்டுக்கும் நடுவில் சமரசமாக ஒன்று செய்தார்கள். அதுதான் ஆல் சீசன். அந்த ஊரில் வேகமான கார் வாங்குகிறவர்களுக்கு அநேகமாகக் கோடை டயரோடுதான் வண்டி வரும். பனி தலைகாட்டும் முன்னே அதைக் கழற்றிவிட்டு உயர்ரக ஆல் சீசன் போடுவார்கள். நாகர்கோவிலில் ஏழு டிகிரிக்கு எங்கே போவது? மார்கழி விடியற்காலையில் இருபது டிகிரிக்கே நம் ஆட்கள் தலையில் துண்டைக் கட்டிக் கொள்கிறார்கள்.

நமக்குப் பருவம் என்றால் மழை. அதுவும் இரண்டு மழை. வைகாசி பாதியில் தொடங்கும் இடவப்பாதி, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. இது போதாதென்று சித்திரையில் சாயங்காலம் இடி இடித்துக் கொட்டுகிற கோடை மழை. இந்த இரண்டு மழைக்குத் தக்கபடிதான் எங்கள் ஊரில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு வெள்ளாமை. கன்னிப்பூவுக்கு ஏற்ற விதை வேறு, கும்பப்பூவுக்கு ஏற்ற விதை வேறு என்று என் பாட்டாவுக்குத் தெரியும். கட்டிச்சம்பா எப்போது விதைப்பது, எப்போது விதைக்கக் கூடாது என்பதற்கு அவருக்குப் புத்தகம் வேண்டாம். பிற்பாடு அம்பை 16 போன்ற குறுகிய காலப் பயிர் வந்தது. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தும் புதுப்புது ரகங்கள் வந்தன. எந்தப் பருவத்திலும் ஒப்பேற்றுகிற விதை மனிதனுக்குச் சௌகரியம். ஆனால் எல்லாப் பருவத்துக்கும் ஆவது எந்த ஒரு பருவத்துக்கும் உச்சமாக இராது என்பதை விவசாயி அறிவான். டயர்க் கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

போகட்டும். பெயர் என்னவாக இருந்தாலும் நல்ல டயர் என்பது நல்ல டயர்தான். அது செய்கிற வேலையைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், கடினமில்லை. ஆளோடு சேர்த்து வண்டியின் எடை 1,200 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். டயரில் அடித்திருக்கிற காற்று, பெட்ரோல் பங்கில் 33 என்று சொல்கிறோமே, அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் நான்கு டயரும் சேர்ந்து தரையைத் தொடுகிற இடம் சுமார் 520 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு 130. உங்கள் உள்ளங்கையை விரித்துத் தரையில் வையுங்கள், விரல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். என்ஜின் என்ன, பிரேக் என்ன, ஆறு காற்றுப்பை என்ன, எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் கிடக்கின்றன. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயர்.

இனி மழை. சாலையில் இரண்டு மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. 195 மில்லிமீட்டர் அகல டயர் 80 கி.மீ. வேகத்தில் அதன்மேல் ஏறுகிறது. ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீரை அது ஒதுக்கித் தள்ளவேண்டும்? எட்டரை லிட்டருக்கும் மேல். ஒரு சக்கரம், ஒரு நொடி, ஒரு சின்னக் குடம். அந்தத் தண்ணீர் போகத்தான் டயரில் வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறான். வாய்க்கால் தூர்ந்தால் என்ன ஆகும் என்று பறக்கை, தேரூர் பக்கத்து விவசாயியிடம் கேளுங்கள். தண்ணீர் வரப்பேறும். இங்கே வண்டி தண்ணீர் மேல் ஏறி மிதக்கும். மிதக்கிற வண்டிக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது, கடவுள் நம்பிக்கைதான் உண்டு.

புது கார் டயரில் பள்ளம் எட்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தேய்ந்து 1.6 மில்லிமீட்டர் ஆனால் கதை முடிந்தது, மாற்றியாக வேண்டும், சட்டமும் அப்படித்தான். அதற்கு அடையாளமாகப் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு வைத்திருப்பான். சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், 'இனி என்னை நம்பாதே' என்று டயரே சொல்கிறது என்று பொருள். சினேகிதருடைய ஸ்கூட்டரின் பின்டயரைக் குனிந்து பார்த்தேன். வழுக்கைத் தலையில் முடி தேடுவது போலத்தான். அவர் பெருமையாகச் சொன்ன ஏழு வருஷத்தின் ரகசியம் அது. சிக்கனம் நல்ல குணம். ஆனால் தேங்காய்ச் சில்லில் சிக்கனம் பிடிப்பதற்கும் டயரில் சிக்கனம் பிடிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதில் குழம்புதான் கெடும்.

அதனால் மகன் பக்கம் நியாயம் கூடுதல் என்றே எனக்குப் பட்டது. கம்பெனி போட்டு அனுப்பும் டயர் வேதவாக்கு அல்ல. அது யாரோ ஒருவர் உட்கார்ந்து, மைலேஜ் இவ்வளவு வரவேண்டும், சத்தம் இவ்வளவுக்கு மேல் கேட்கக் கூடாது, விலை இதற்குள் அடங்கவேண்டும், பிடிப்பு இவ்வளவு போதும் என்று பேரம் பேசி முடித்தது. அந்தப் பேரத்தில் நம்மை யாரும் கேட்கவில்லை. வெளிச்சத்துக்கும் ஹாரனுக்கும் பின்னால் ஒட்டுகிற வாலுக்கும் காசைக் கொட்டுகிற வயதில், யார் கண்ணுக்கும் தெரியாத பிடிப்புக்குக் காசு செலவழிக்கிறேன் என்கிறான் ஒரு பையன். மெச்ச வேண்டாமா? காற்றடைத்த டயரைத் தொழிலாக்கிய டன்லப், பெல்பாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர். 1888-ல் தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடவேண்டும் என்றுதான் முதலில் அதைச் செய்து பார்த்தார். தகப்பன் மகனுக்காகச் செய்த பண்டத்துக்கு இன்றைக்குத் தகப்பனும் மகனும் சண்டை.

ஆனால் அந்தப் 'பெறவு' இருக்கிறதே.

பிடிப்பு கால் பங்கு கூடுகிறது என்று வையுங்கள். அது பெரிய முன்னேற்றம், டயர்க் கம்பெனிக்காரன் விளம்பரத்தில் கொண்டாடுவான். பழைய டயரில் காய்ந்த தார்ச்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 18 மீட்டரில் நிற்கிற வண்டி, புது டயரில் 14 மீட்டரில் நிற்கும். நான்கு மீட்டர் லாபம். ஒரு குழந்தைக்கும் பம்பருக்கும் நடுவே நான்கு மீட்டர் என்பது உலகளவு. சரி, புது டயர் தந்த தைரியத்தில் அதே ஆள் கொஞ்சம் அழுத்தி ஓட்டுகிறான். எத்தனை அழுத்தினால் இந்த லாபம் முழுக்கக் கரையும்? 67 கி.மீ. போதும். ஏழே கி.மீ. கூடினால் நான்கு மீட்டரும் காலி. இதில் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போகிற அந்த ஒரு நொடி சேரவில்லை. அதையும் சேர்த்தால் பழைய டயரை விட இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்பான். முப்பத்தைந்தாயிரம் கொடுத்து இரண்டு மீட்டர் நஷ்டம். பையன் சொன்ன எண்பதும் நூறும் இன்னும் விசேஷம். வளைவின் எல்லையிலேயே ஓட்டுகிறவன் எண்பதை நூறாக்க ஒன்றரை மடங்குக்கும் மேல் பிடிப்பு வேண்டும். அப்படிப்பட்ட டயர் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை.

இது ஏதோ நம் ஊர்ப் பையன்களின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1980-களில் ஜெர்மனியில் மூனிக் நகரத்து டாக்சிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதி வண்டிகளில் சக்கரம் பூட்டிக் கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக், மீதியில் சாதா பிரேக். நல்ல பிரேக் உள்ள வண்டிகளுக்கு விபத்து குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? குறையவில்லை. அந்த டிரைவர்கள் வளைவில் கூடுதல் வெட்டி ஓட்டினார்கள், முன்வண்டிக்கு நெருங்கி ஓட்டினார்கள். பாதுகாப்புக் கருவி கூடக்கூட ஓட்டுகிறவன் அதைத் துணிச்சலாக மாற்றிச் செலவழித்து விடுகிறான் என்று அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் சாம் பெல்ட்ஸ்மன் 1975-லேயே எழுதினார். அவர் சொன்னதில் மிகை உண்டு. சீட் பெல்ட்டு எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த விஷயத்தில் மனிதன் கை ஓட்டைக்கை என்பதில் சந்தேகமில்லை. மிச்சம் வந்தால் பெட்டியில் போட்டு வைக்க மாட்டான்.

இங்கேதான் என் கேள்வி. காசு கொடுத்து வாங்கிய அந்த நான்கு மீட்டர் மிச்சம் யாருடையது?

வாங்கினவனுடையது, இதென்ன கேள்வி என்று தோன்றும். சட்டப்படி அப்படித்தான். ஆனால் சாலையில் சாகிறவர்கள் யார் என்று கொஞ்சம் பாருங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்துப் போனவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் கணக்கு. அதில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஏறத்தாழ இருபது பேர் நடந்து போனவர்கள். காருக்குள் பெல்ட்டு மாட்டி, காற்றுப்பை சூழ உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த நான்கு மீட்டர், வண்டிக்கு டிங்கரிங் வேலை வருமா வராதா என்கிற கேள்வி. வெளியே நிற்கிறவனுக்கு அது பிழைப்பானா மாட்டானா என்கிற கேள்வி. ஆக, மிச்சத்தின் பலனில் பெரும்பகுதி, காசு கொடுக்காத, டயரின் பெயர்கூடத் தெரியாத யாரோ ஒருவருக்கு. பார்வதிபுரத்தில் இருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். நாற்சந்திக்கு நாற்சந்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், பூக்காரி, கோயிலுக்குப் போகிற ஆச்சி, தேவாலயத்துக்குப் போகிற குடும்பம், லோடு ஆட்டோ, வழி தவறின மாடு. பையன் வாங்குகிற டயரில் 'வி' என்று ஓர் எழுத்து பொறித்திருக்கும். மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும் என்று அதற்குப் பொருள். நாகர்கோவிலில் இருந்து தக்கலை போக முக்கால் மணி நேரம் எடுக்கிற சாலையில் 240! எனவே அந்தச் சக்தியெல்லாம் வேகத்துக்கு உதவப் போவதில்லை. குறுக்கே ஓடிவருகிற ஒரு பிள்ளைக்கு உதவலாம், அதைத் தின்று தீர்க்காமல் வைத்திருந்தால்.

இதைப் பையனிடம் சொன்னேன். "அப்ப நான் வாங்கின டயருக்கு நான் டிரஸ்டிதானா மாமா?" என்று சிரித்தான். கெட்டிக்காரன். அடுத்த வாரமே டயரை மாற்றிவிட்டான். எப்படி ஓட்டுகிறான் என்பதை நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

டயரும் தர்மமும் நேருக்கு நேர் முட்டிக் கொண்ட ஒரு நாளை நம் ஆள் ஒருவர் கிட்ட நின்று பார்த்திருக்கிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ். இரண்டு நாள் முன்னால் ஒத்திகையில், சரிவான கடைசி வளைவில் டயர் போய் ஒரு கார் சுவரில் அடித்தது. அது மிச்சலின் டயர். பந்தயத்தில் இருபது காரில் பதினான்கு அந்த டயர்தான். மிச்சலின்காரர்கள் ஆராய்ந்து பார்த்துவிட்டு, 'இந்த வளைவில் முழு வேகத்துக்கு எங்கள் டயர் பத்திரம் என்று உறுதி சொல்ல முடியாது' என்று கைவிரித்தார்கள். வளைவின் குறுக்கே தடுப்பு வைத்து எல்லோர் வேகத்தையும் குறையுங்கள் என்று கேட்டார்கள், பந்தயத்தை நடத்தும் சம்மேளனம் மறுத்தது. 'உங்கள் டயருக்குத்தானே கோளாறு? அந்த வளைவில் நீங்கள் மட்டும் மெதுவாகப் போங்களேன்' என்றது. அது நடக்கிற காரியமா? பதினான்கு காரும் ஒரு சுற்று ஒப்புக்கு ஓடிவிட்டு, பந்தயம் தொடங்கும் முன் கொட்டடிக்குத் திரும்பிவிட்டன. லட்சக்கணக்கில் கூடியிருந்த ஜனம் கத்தியது, பாட்டிலை எறிந்தது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த ஆறே கார் ஓடின. அதில் கார்த்திகேயன் நான்காவது. ஐந்து புள்ளி. பார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் புள்ளி எடுத்தது அந்த ஒரே நாள்தான்.

ஆறு பேர் ஓடி நாலாவது வந்தது பெரிசா என்று இளப்பமாகச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. ஓடினவர் மேல் பிழையில்லை. ஆனால் அதைவிட என்னை யோசிக்க வைப்பது அந்தப் பதினான்கு. மெதுவாகப் போங்கள் என்றால் போகமுடியாதவர்கள், ஓடாமலே இருக்க முடிந்தவர்கள். வேகத்தைப் பாதியாகக் குறைப்பதைவிட முழுசாக விட்டுவிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. குடியை விட்டவர்களைக் கேட்டால் இதன் அர்த்தம் சொல்வார்கள். அப்புறம், தன் சரக்கு இதற்கு மேல் தாங்காது என்று விற்றவனே உலகத்தின் முன்னால் சொன்னது. பிற்பாடு டிக்கெட் காசைத் திருப்பித் தரவும் அந்தக் கம்பெனி முன்வந்தது. வெட்கம் கெட்டுப் போயிற்று என்றார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

தாங்காத இடத்தை அறிந்து அதற்கு முன்னாலேயே கையை நிறுத்துவது பற்றிப் பேசினால் எனக்குப் பால்வெட்டுகிறவர் ஞாபகம்தான் வரும். ரப்பர் மரத்தின் பட்டையில் பால் ஓடும் குழல்கள் வெளியே குறைவு, உள்ளே போகப் போக அதிகம், தடியை ஒட்டின இடத்தில் மிக அதிகம். எனவே ஆழமாக வெட்டினால் பால் கூடும். ஆனால் தடியைச் சுற்றி ஒரு மெல்லிய உயிர்த்தோல் இருக்கிறது. மரம் பருப்பதும், வெட்டின பட்டை மறுபடி வளர்வதும் அதனால்தான். கத்தி அதில் பட்டுவிட்டால் காயம். ஆறினாலும் முண்டும் முடிச்சுமாகத்தான் பட்டை வரும், பிறகு அந்த இடத்தில் சீராக வெட்ட முடியாது. ஆகவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை உள்ளே விட்டு வெட்டவேண்டும். அளவுகோல் கிடையாது. விடியுமுன், நெற்றியில் கட்டின விளக்கு வெளிச்சத்தில், ஒரு நாளைக்கு முந்நூறு மரம் பக்கம், முந்நூறு தடவையும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கை அறியவேண்டும். உள்ளே இன்னும் பால் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். விட்டுவிடுகிறார். மரம் முதலாளியுடையது அல்லது அரசாங்கத்தினுடையது. இன்னும் இரண்டு சொட்டு கூடினால் அவருக்கும் கூலியில் கொஞ்சம் ஏறலாம். ஆனாலும் நல்ல வெட்டுக்காரர் விட்டுத்தான் வெட்டுவார். மரத்தை முறித்து விற்கப் போகிற கடைசிக் காலத்தில்தான் எச்சமில்லாமல் வெட்டி எடுப்பார்கள். நாளை என்பது கிடையாது என்று தீர்மானித்த பிறகு மிச்சம் எதற்கு?

மழைக்கும் அவருக்கும் உள்ள உறவு வேறு. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, பால் வழிந்து வீணாகும், அன்றைக்கு வேலை இல்லை. மரத்துக்குப் பாவாடை கட்டினது போலப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பதை இடவப்பாதி நேரம் போனால் பார்க்கலாம். வெட்டின இடத்தில் தண்ணீர் இறங்காமல் காப்பது அது. எங்கள் மலையில் ஆல் சீசன் என்பது அந்தப் பிளாஸ்டிக் பாவாடைதான். ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பையன் போட்ட டயரில் தரையைத் தொடுகிற பாகத்தில் மரத்து ரப்பர் குறைவு, பெரும்பாலும் எண்ணெயில் இருந்து செய்த செயற்கை ரப்பரும், மழையில் பிடிப்பதற்காகச் சேர்க்கிற சிலிக்காவும்தான். பக்கச் சுவரில் மரத்து ரப்பர் உண்டு. லாரி டயரிலும் விமான டயரிலும்தான் அது மிகுதி. பாரம் சுமக்கவும் சூட்டைத் தாங்கவும் இன்னும் மரத்துப் பாலை மிஞ்ச ஒன்றும் வரவில்லை.

டயர் மாற்றுவதில் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. கழற்றின டயர் எங்கே போகிறது? பள்ளம் மூன்று மில்லிமீட்டர் மிச்சமிருக்கிற டயரை, இன்னும் ஒரு மழைக்காலம் ஓடும் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை, வாங்குகிறவருக்கும் உபகாரம். ஆனால் எல்லா டயரும் அப்படிப் போவதில்லை. அடியோடு தேய்ந்ததை எடுத்து, சூடான கத்தியால் புதிதாகக் கோடு கீறி, கறுப்புச் சாயம் பூசி அடுக்கி வைக்கிற ஆட்கள் நாடு முழுக்க உண்டு. கீறிய கோடு உள்ளே நூல் அடுக்கை நெருங்கிப் போயிருக்கும். பார்க்கப் புத்தம்புதுசு. உயிர்த்தோலில் கத்தி பட்ட மரம் அது. வாங்குகிறவர் பெரும்பாலும் பழைய ஆம்னியோ லோடு வண்டியோ வைத்துப் பிழைக்கிறவர். தவணை கட்டினது போக மிஞ்சுகிறதில் புது டயர் அவருக்குக் கட்டுப்படியாகாது. அவர் வண்டி நிற்கவேண்டிய சாலையும் பையன் வண்டி நிற்கவேண்டிய சாலையும் ஒன்றுதான். குறுக்கே வருகிற பிள்ளைக்கு எந்த வண்டி யாருடையது என்று தெரியாது.

அப்படிப்பட்ட டயரிலும் ஒன்றை மட்டும் அநேகமாக யாரும் அழிப்பதில்லை. பக்கச் சுவரில், நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 0616 என்று இருந்தால் 2016-ம் ஆண்டின் ஆறாவது வாரம், பிப்ரவரி மாதம். ரப்பர் ஷீட் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே விழுந்து கிடந்த நாட்கள் அவை. ஐந்து வருஷம் முன்னால் 2011-ல் இருநூற்று நாற்பது வரை ஏறிய சரக்கு. கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல் பலபேர் பால் வெட்டாமலே மரத்தைச் சும்மா விட்டிருந்தார்கள். அந்த மாதம் வார்த்த டயருக்கு இன்றைக்கு வயது பத்தை நெருங்கியோ தாண்டியோ இருக்கும். ரப்பர் இறுகி, கல்லைப் போல் ஆகியிருக்கும். கடை வாசலில் நின்று விலை பேசுகிறவரிடம் அந்த நான்கு எண்ணைத் தொட்டுக் காட்டிப் படித்துச் சொல்ல ஒருவரும் மெனக்கெடுவதில்லை. அவரும் குனிந்து பார்ப்பதில்லை. புதுசாகக் கீறின கோட்டை விரலால் தடவிப் பார்த்து, "நல்ல ஆழம் இருக்கு அண்ணாச்சி" என்கிறார்.